வழியில் ஒரு வார்த்தை

கேட்க வேண்டும் என்று விரும்பிப் போகிற இடத்தில் உபதேசம் கேட்பது எளிது. கோயில் மண்டபத்தில் உபந்நியாசம் நடந்தால் காலை மடக்கி உட்கார்ந்து கேட்கிறோம். மாதா கோயிலுக்கும் மசூதிக்கும் போகிறவர்களும் அப்படித்தான். சொல்கிறவர் ஒருவர் அங்கே இருப்பார் என்று தெரிந்தே போகிறோம். பிடிக்காவிட்டால் தூங்குவதற்கும் அங்கே வசதி உண்டு.

தெருவில் நின்று உபதேசம் செய்கிறவர் விஷயம் வேறு. அவரை நாம் தேடிப் போவதில்லை. ரெயிலைப் பிடிக்கப் போகிறோம், அல்லது பரீட்சைக் கட்டணம் கட்டப் போகிறோம், அல்லது கத்தரிக்காய் வாங்கப் போகிறோம். நடுவிலே ஒருவர் குறுக்கிட்டு, "ஐயா, இறந்த பிறகு நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்கிறார். பெரிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு நின்றால் ஐந்து நாற்பது லோக்கல் போய்விடும்.

கல்கத்தா என்று நம் வாய்க்குப் பழகிய இந்தக் கொல்கத்தாவில் படிக்க வந்த தமிழ் மாணவர்களுக்கு இது தினசரி அனுபவம். சியால்தா நிலைய வாசலில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவர் ஒருவர். காலேஜ் தெருவில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே நின்று, மழித்த தலையும் காவி உடையுமாகக் கீதையை நீட்டும் இளைஞர் ஒருவர். தங்கள் மதத்து மாணவர்களைத் தொழுகைக்கு அழைக்க விடுதிப் பக்கம் இரண்டு மூன்று பேராக வரும் தப்லீக் அன்பர்கள். இவர்கள் எல்லாரும் சொல்வது பொய் என்று எடுத்துரைக்கத் தாமும் ஒரு சிறிய மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பகுத்தறிவாளர். இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. இவர்களைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம் என்பதே என் விஷயம். மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க, அது சின்ன விஷயம் அன்று என்று தோன்றுகிறது.

முதலில் வருகிறவர்கள் குருடர்கள். அதாவது, அந்த இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் குருடர்கள். பத்தடி தூரத்தில் பிரசங்கியைக் கண்டவுடன் இவர்களுக்கு வானத்தில் ஏதோ தெரியும். அல்லது கைப்பேசியில் அவசரச் செய்தி வந்துவிடும். அணைந்து கிடக்கும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம், ஆமாம், வந்துகொண்டே இருக்கிறேன்" என்று சொல்லி நடந்த ஒருவரை நானே கண்டிருக்கிறேன். ஜனங்களில் பெரும்பாலோர் இந்த வகை.

இரண்டாவது, வாங்கிக்கொள்கிறவர்கள். நீட்டியதை மறுத்தால் பாவம் என்று நினைப்பவர்கள். துண்டுத் தாளை மரியாதையாக வாங்கிக் கொள்வார்கள். நாலாவது அடியில் மடிப்பார்கள். பத்தாவது அடியில் அது கீழே கிடக்கும். சிலர் மட்டும் கடவுள் பெயர் அச்சான தாளை மிதிபடப் போடலாமா என்று பையில் வைத்துக்கொண்டு, பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். என் அறைத் தோழனுடைய பெட்டியில் நான்கு மதங்களின் பிரசுரங்கள் ஒரே ரப்பர் வளையத்துக்குள் சமாதானமாக வாழ்கின்றன.

மூன்றாவது, வாதிகள். இவர்களுக்கு ரெயில் போனாலும் கவலை இல்லை. கொல்கத்தாவில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. தேநீர்க் கடைப் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உலக அரசியல் பேசும் ஊர் அல்லவா? "உங்கள் கடவுள் கருணை உள்ளவரானால் வெள்ளம் ஏன் வருகிறது?" என்று ஆரம்பிப்பார்கள். பிரசங்கியின் முகம் அப்போதுதான் மலரும். காலையிலிருந்து ஒருவராவது நின்றாரே!

நான்காவது, பரிகாசக்காரர்கள். பெரும்பாலும் இவர்கள் தனியாக வருவதில்லை. நாலு பேராக வருவார்கள். தனியாக இருந்தால் குருடர் கோஷ்டியில் சேர்ந்து ஒதுங்கிப் போகக்கூடியவன், நாலு பேரோடு வரும்போது பிரசங்கியின் குரலைப் போலப் பேசிக் காட்டுகிறான். ஐந்தாவது, கோபக்காரர்கள். இவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆறாவதாக ஒரு வகை உண்டு: நின்று, கேட்டு, "சரி" என்றோ "எனக்கு வேண்டாம்" என்றோ சொல்லிவிட்டுப் போகிறவர்கள். மிகச் சிலர்.

சியால்தாப் பெரியவரிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். நாடியா ஜில்லாவில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே இங்கே வழக்கமாக அழைப்பது போல 'மாஸ்டர் மோஷாய்' என்று அழைத்தேன். ஜனங்கள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்களே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"திருப்பிக்கொண்டு போனால் என்ன, பாபா?" என்றார். வங்காளத்துப் பெரியவர்கள் சிறுவர்களை அப்படித்தான் அழைப்பார்கள், நாம் 'அப்பா' என்று சொல்வது போல. "நானும் வயதுக் காலத்தில் இப்படிப் போனவன்தானே? கீழே போட்ட தாளைப் பொறுக்கித் தூசி தட்டி மறுபடியும் கொடுப்பேன். நல்ல தாள், வீணாக்கக் கூடாது. திட்டுகிறவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அவர் என்னைப் பார்த்துத் திட்டுகிறார். 'லாக்பே நா, தாதா' என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, வேண்டாம் அண்ணா என்று, அவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். நான் ஒன்று சொன்னேன். அவர் ஒன்று சொன்னார். கணக்குச் சரியாகிவிட்டது."

"யாருமே பார்க்காமல் போனால்?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, நான் இன்றைக்கு அங்கே நின்றேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்" என்று சிரித்தார்.

அவருடைய மதத்தைப் பற்றி அன்று நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தெருவில் உபதேசம் செய்வதும் அதற்கு அடி வாங்குவதும் இந்த வங்க நாட்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் அன்று. சைதன்யர் பிறந்தது 1486-ல். அவர் நவத்வீபத்தில் இருந்த காலத்தில், நித்தியானந்தரையும் ஹரிதாசரையும் அழைத்து, வீடு வீடாகப் போய் ஹரி நாமத்தைச் சொல்லச் சொல்லுங்கள் என்று அனுப்பினாராம். விருந்தாவன தாசர் இயற்றிய 'சைதன்ய பாகவதம்' இந்தக் கதையைச் சொல்கிறது. ஊரார் என்ன செய்தார்கள்? சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள், சிலர், இவர்கள் திருடர்களுக்கு வேவு பார்க்க வந்தவர்கள் என்றார்கள். ஜகாய், மாதாய் என்ற இரண்டு குடிகாரச் சகோதரர்கள் துரத்தினார்கள். மாதாய் உடைந்த பானை ஓட்டை எடுத்து நித்தியானந்தர் நெற்றியில் அடித்தான். இரத்தம் வழிய நின்ற நித்தியானந்தர், இவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று சைதன்யரிடம் மன்றாடினார் என்று கதை முடிகிறது. சகோதரர்கள் மனம் மாறினார்கள். சியால்தாவில் இன்று நாம் காணும் அத்தனை வகையினரும் நவத்வீபத்திலும் இருந்திருக்கிறார்கள். கைப்பேசி ஒன்றுதான் இல்லை.

அடுத்த கதை கொல்கத்தாவிலிருந்து சில மைல் தூரத்தில், ஹூக்ளி நதிக்கு மேல்கரையில் உள்ள ஸ்ரீராமபூரில் நடந்தது. அது நமக்கும் கொஞ்சம் சொந்தமான ஊர். தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனிஷ்காரர் கையில் இருந்தது. இரண்டையும் அவர்கள் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது ஒரே ஆண்டில், 1845-ல். செருப்புத் தைக்கும் தொழில் செய்த வில்லியம் கேரி, 1793-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். கம்பெனிக்குப் பாதிரிமார்களைப் பிடிக்காது. வியாபாரம் கெடும் என்று பயம். அதனால் கேரி 1800-ல் டேனிஷ் கொடியின் நிழலில் ஸ்ரீராமபூரில் குடியேறினார். சந்தையிலும் மரத்தடியிலும் ஏழு ஆண்டுகள் பேசியும் ஒரு வங்காளிகூட அவர் மதத்தைத் தழுவவில்லை. முதலில் தழுவியவர் கிருஷ்ண பால் என்ற தச்சர், 1800 டிசம்பரில். அவரை நெருங்கி வரச் செய்ததில் பிரசங்கத்தைவிட வேறொன்றுக்குப் பங்கு அதிகம்: அவருக்குத் தோள் மூட்டு நழுவியபோது, கேரியின் தோழரான தாமஸ் என்ற வைத்தியர் அதைச் சரிசெய்தார். செய்தி பரவியதும் ஊர்க்கூட்டம் திரண்டு வந்து கிருஷ்ண பாலை நீதிபதியிடம் இழுத்துக்கொண்டு போயிற்று. நீதிபதி அவரை விடுவித்து அனுப்பினார்.

தரங்கம்பாடியில் நம்மவர்கள் நடந்துகொண்ட விதம் இன்னும் சுவையானது. சீகன்பால்கு 1706-ல் அங்கே வந்தார். தாம் சொல்வதை மட்டும் கேளுங்கள் என்று அவர் இருந்துவிடவில்லை. உங்கள் கொள்கை என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில்கள் வந்தன, அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பாவில் அச்சிட்டார்கள். அந்தப் பதில்களில் தமிழர்கள் வாய் கூசவில்லை. உங்கள் ஆட்கள் பசுவைத் தின்கிறார்கள், குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களும் கோபத்தில் ஓலையைக் கிழிக்கவில்லை. கேட்டவரும் கோபித்துக்கொண்டு அச்சிடாமல் விடவில்லை. உபதேசிக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறு என்ன இருக்க முடியும்?

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது போலவே இந்தப் பக்கத்திலிருந்தும் போயிற்று. அலெக்ஸாண்டர் டஃப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1830-ல் கொல்கத்தாவில் தொடங்கிய கல்விச்சாலைதான் இன்றைய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. அங்கே படித்த ஒருவர், அறுபத்தொன்பதாம் வயதில், 1965-ல், இதே கொல்கத்தாத் துறைமுகத்தில் 'ஜலதூதா' என்ற சரக்குக் கப்பலில் ஏறி அமெரிக்கா போனார். மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து தாளம் தட்டிப் பாடினார். அவர்தான் பக்திவேதாந்த சுவாமி. அவர் தொடங்கிய இயக்கத்தின் இளைஞரே இன்று காலேஜ் தெருவில் நமக்குக் கீதையை நீட்டுகிறார். அந்நிய நாட்டுத் தெருவில் நம் பெரியவர் ஒருவர் பாடியதைக் கேட்டால் நமக்குப் பெருமையாக இருக்கிறது. நம் நாட்டுத் தெருவில் வேறொருவர் பேசினால் மட்டும், "இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்கிறோம்.

இந்த இரட்டைத் தராசு நம் எல்லாரிடத்திலும் இருக்கிறது. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் பஜனை பாடி வந்ததைத் தமிழர்கள் உருக்கத்தோடு நினைக்கிறார்கள். அதுவும் தெருவில் சொல்லப்பட்ட கடவுள் வார்த்தைதானே? நமக்கு வேண்டியதைப் பாடினால் பஜனை; வேண்டாததைப் பாடினால் தொந்தரவு.

கடவுள் இல்லை என்று சொன்னவர்களும் தெருவில் நின்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டுத் தெருமுனைக் கூட்டம் என்பது ஒரு பள்ளிக்கூடம். நம் தந்தையர் பாட்டனாரில் பலர் அரசியல் கற்றது அங்கேதான். பெரியார் மேல் கல்லும் சாணியும் விழுந்தன. கடலூரில் அவர் மேல் ஒரு செருப்பு விழுந்தபோது, ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயன் இல்லையே என்று மற்றொன்றையும் தேடி வண்டியைத் திருப்பச் சொன்னார் என்று இன்றும் கதை சொல்வார்கள். நவத்வீபத்துப் பானை ஓடும் கடலூர்ச் செருப்பும் எறிந்தவர்களின் நினைப்பில் வெவ்வேறு காரணங்களுக்காகப் பறந்தவை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. பேச்சுக்குப் பேச்சால் பதில் சொல்ல இயலாத கை எறிந்தவை அவை.

இவ்வளவு சொன்னதால், தெருப் பிரசங்கிகள் எல்லாரும் சாதுக்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிள்ளையை இழந்த தாயிடம் போய், "நீ இன்ன சாமியைக் கும்பிட்டதால்தான்" என்று சொல்கிறவர் இருக்கிறார். அடுத்தவர் வணங்கும் தெய்வத்தைப் பிசாசு என்கிறவரும், நரகத்து நெருப்பை ஐந்து வயதுக் குழந்தைக்கு விவரித்துக் காட்டுகிறவரும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒலிபெருக்கி இருக்கிறது. வாயால் பேசுகிறவரை நாம் கடந்து போய்விடலாம்; ஒலிபெருக்கியை எங்கே கடப்பது? அது வீட்டுக்குள்ளேயே வந்து, படுத்திருக்கும் நோயாளிக்கும் படித்திருக்கும் மாணவனுக்கும் உபதேசம் செய்கிறது.

இதைப் பற்றி 1996-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் நல்ல தீர்ப்புச் சொன்னது. பேசுவதற்கு ஒருவருக்கு உரிமை இருப்பது போல, கேட்காமல் இருக்க மற்றவருக்கு உரிமை உண்டு. எவரையும் சிறைப்பட்ட கேட்பாளராக ஆக்கக் கூடாது என்பது அதன் சாரம். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றமும், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைத்துத் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. ஆகவே கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர் பேசலாம், நாம் போகலாம். அவர் பேச்சு நம்மைப் போகவிடாமல் கட்டிப் போட்டால் அது உபதேசம் அன்று, உபத்திரவம். நாம் அவரைப் பேசவிடாமல் அடித்தால் அதற்கும் நல்ல பெயர் கிடையாது.

இனி, ஐந்தாவது வகைக்கு வருகிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை. ஒரு சந்தைத் திருப்பத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. ஆறேழு இளைஞர்கள் வந்து சூழ்ந்தார்கள். ஒருவன் பையைப் பிடுங்கினான். ஒருவன் தாள்களை வாரி இறைத்தான். இன்னொருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, தான் சொல்லும் கோஷத்தை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றான். அவருக்கு வேர்த்துவிட்டது. சந்தையில் நூறு பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் சட்டென்று முதல் வகையினராகி விட்டார்கள். எல்லாருக்கும் முட்டைக்கோசின் விலையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

ஜால்முரி விற்கும் கிழவர் ஒருவர் மட்டும், டப்பாவில் பொரியைக் குலுக்கிக்கொண்டே, இருந்த இடத்திலிருந்தே உரக்கக் கேட்டார்: "அவன் பேச்சு பிடிக்கவில்லையென்றால் நீ போயேன், அப்பா! வழி இருக்கிறதே!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு சிறிய இடைவெளி கிடைத்தது. நானும் என் அறைத் தோழனும் அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் நின்று, சிதறிய தாள்களைப் பொறுக்கத் தொடங்கினோம். இதில் வீரம் ஒன்றும் இல்லை. நின்றோம், பொறுக்கினோம், அவ்வளவே. காய் வாங்க வந்த ஓர் அம்மாள் தம் காலடியில் கிடந்த இரண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒரு ரிக்ஷாக்காரர் இறங்கி வந்தார். நான்கு பேர் ஆனவுடன் படம் எடுத்தவன் கைப்பேசியைத் தாழ்த்திக் கொண்டான். எங்களையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவர்கள் போனார்கள்.

என் தோழன் கோயிலுக்குப் போகாத நாள் கிடையாது. நெற்றியில் குங்குமம் இல்லாமல் வகுப்புக்கு வரமாட்டான். அந்த மனிதர் எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, பழக்கத்தால் அவனிடமும் ஒரு தாளை நீட்டினார். அவன் கையைக் கூப்பி, "லாக்பே நா, தாதா" என்றான். மூவரும் சிரித்துவிட்டோம்.

அந்தப் பொரிக்காரக் கிழவர் கேட்டதைத்தான் நம் அரசியல் நிர்ணய சபையும் விவாதித்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1948 டிசம்பர் 6-ம் தேதி. மதத்தை நம்பவும் அனுசரிக்கவும் உரிமை இருக்கட்டும். 'பரப்பவும்' என்ற சொல் எதற்கு என்பது கேள்வி. ஒரிஸ்ஸாவின் லோகநாத் மிஸ்ரா அந்தச் சொல் கூடாது என்று கடுமையாக எதிர்த்தார். வங்காளத்திலிருந்து லட்சுமி காந்த மைத்ராவும், நம் பக்கத்திலிருந்து கே. சந்தானம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி முதலியோரும் அது இருக்கட்டும் என்றார்கள். டி. டி. கே. தம் அனுபவத்தைச் சொன்னார்: பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் படித்தேன், என்னை மாற்ற எவரும் முயலவில்லை. இந்த உரிமை ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதன்று, ஆரிய சமாஜத்தாருக்கும் அதே உரிமை உண்டு என்றும் அவர் எடுத்துக் காட்டினார். சொல் நிலைத்தது, இன்றைய 25-வது ஷரத்தில் இருக்கிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற வேலியும் கூடவே இருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு கோடு போட்டது: தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது. அந்தத் தீர்ப்பைச் சரி என்பாரும் போதாது என்பாரும் உண்டு. ஆனால் எடுத்துச் சொல்லக் கூடாது என்று அதுவும் சொல்லவில்லை.

சட்டம் இவ்வளவுதான் செய்யும். சந்தைத் திருப்பத்தில் ஆறு பேர் ஒருவரைச் சூழும்போது 25-வது ஷரத்து ஓடி வந்து நடுவில் நிற்காது. அங்கே நிற்க வேண்டியவர்கள் முட்டைக்கோசு வாங்க வந்தவர்கள். நாள்தோறும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பழக்கத்துக்கு இதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒருவர் பேசும்போது அவர் அங்கே இல்லை என்று நடிக்கக் கற்றுக்கொண்டால், அவர் அடிபடும்போதும் இல்லை என்று நடிப்பது சுலபமாகிவிடுகிறது. முதல் வகையினர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்று மூன்று ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். ஐந்தாவது வகையினர் அவர்கள் மறைவில்தான் வேலை செய்கிறார்கள் என்று அன்று மாலை தெரிந்தது.

நமக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய பாடம் அன்று. மணிமேகலையில் வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை என்ன செய்கிறாள்? அளவைவாதி முதல் பூதவாதி வரையில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். பொறுமையாகக் கேட்கிறாள்; ஒப்பாத இடத்தில் ஒப்பவில்லை; அடுத்தவரிடம் போகிறாள். பௌத்தக் காப்பியம் ஒன்று மாற்றுச் சமயத்தார் அத்தனை பேரையும் வரிசையாகப் பேசவிட்டிருக்கிறது. அந்நூலின் தொடக்கத்தில், புகார் நகரத்தில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. தத்தம் சமயத்தின் பொருளை வாதிட வந்தவர்கள் முறை அறிந்து பட்டிமண்டபத்தில் ஏறட்டும் என்கிறான். அதே மூச்சில் கேட்கிற ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்கிறான்: உங்களுக்கு ஆகாதவர்களோடுகூடச் சினமும் சண்டையும் கொள்ளாமல் விலகிப் போங்கள்.

விலகிப் போகச் சொன்னானே தவிர, விலக்கிப் போடச் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஓர் எழுத்துத்தான். ஆனால் ஒரு நகரம் நகரமாக இருப்பதும் காடாகப் போவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

ஆகவே சங்கத்து நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். புதிதாக இவ்வூருக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். வங்காளி மொழியில் முதலில் எதைக் கற்பது என்று கேட்கிறீர்களே, 'லாக்பே நா, தாதா' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். காய்கறிக்காரரிடம் உதவும், டாக்ஸிக்காரரிடம் உதவும், உபதேசியிடமும் உதவும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் ஐந்து நிமிஷம் நின்று கேளுங்கள். நம்முடைய நம்பிக்கை ஐந்து நிமிஷப் பேச்சில் உடைந்துவிடும் என்றால், அதைப் பற்றி நாம்தான் விடுதிக்குப் போய் யோசிக்க வேண்டும். தவறாகச் சொன்னால் தவறு என்று சொல்லுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் புகார் எழுதுங்கள். அவர் பையை யாராவது பிடுங்கினால், அவர் எந்தச் சாமியின் ஆள் என்று பார்க்காமல் பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு பேர் நின்றால் போதும். மூன்றாவது ஆள் தானே வருகிறார்.